காட்சிப்பொருளாகும் கட்டடக்கலை: மதீனா முதல் செஞ்சி வரை

ஹிஜ்ரி 88ஆம் ஆண்டில் (கி.பி. 707) உமையாக் கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக்கின் ஆணைப்படி மதீனாவின் மஸ்ஜிதுந் நபவீ விரிவாக்கப்பட்டது. அப்பணியை முன்னின்று நடத்தியவர் அந்நாளில் மதீனாவின் ஆளுநராக இருந்த உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) ஆவார். பள்ளியை ஒட்டி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகள் இருந்தன. பச்சைச் செங்கல்லும் பேரீச்ச மட்டையும் கொண்டு எழுப்பப்பட்ட எளிய அறைகள் அவை. கையை உயர்த்தினால் கூரையைத் தொட்டுவிடலாம் என்று, சிறுவயதில் அவற்றுள் சென்றுவந்த ஹஸன் பஸரீ (ரஹ்) கூறியதாகச் செய்தி உண்டு. நபிகளார் அடங்கியிருக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறை பள்ளியின் எல்லைக்குள் கொண்டுவரப்பட்டது. ஏனைய அறைகள் இடிக்கப்பட்டன.

அன்று மதீனா அழுதது. தாபியீன்களுள் தலைசிறந்தவரான ஸயீத் பின் அல்முஸய்யிப் (ரஹ்) அவ்வறைகளை இருந்தவாறே விட்டிருக்கலாகாதா என்று வருந்தினார். இனி வரும் தலைமுறையினரும் வெளியூர்களிலிருந்து வருவோரும் அவற்றைக் கண்டு, அல்லாஹ்வின் தூதர் தம் வாழ்நாளில் எத்துணைச் சிறிய இடத்தில் மனநிறைவு கொண்டார்கள் என்பதை அறிந்திருப்பர்; செல்வம் சேர்ப்பதிலும் அதனால் பெருமை பேசுவதிலும் அவர்களுக்கு நாட்டம் குறைந்திருக்கும் என்பது அவர்தம் கருத்து. இப்னு ஸஅத் தம் தபகாத் நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்.

விரிவாக்கம் தேவையற்றது என்று அப்பேரறிஞர் வாதிடவில்லை. கட்டடம் ஒரு சாட்சி. சாட்சியை அழித்துவிட்டால் பின்னால் வருவோர் எதைக் கொண்டு அறிவர் என்பதே அவர் எழுப்பிய வினா. இன்று உலக அருங்காட்சியகங்கள் கட்டடக்கலைக்கெனத் தனிக் கூடங்கள் அமைத்துக் கண்காட்சிகள் நடத்துவதற்குக் கூறும் காரணங்களுள் இதைவிடச் சிறந்த ஒன்றை நாம் அறியோம். அக்கண்காட்சிகளையும் நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தையும் அவ்வினாவின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்த்தெடுக்கப்பட்ட சுவர்கள்

ஓவியத்தைச் சுவரில் மாட்டலாம். கையெழுத்துப் படியைக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாம். கட்டடத்தை எவ்வாறு காட்சிக்கு வைப்பது? அருங்காட்சியகங்கள் இதற்கு மூன்று வழிகளைக் கையாள்கின்றன. ஒன்று, கட்டடத்தின் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்து வந்து பொருத்துவது. இரண்டு, முழுக் கட்டடத்தையும் கழற்றி வந்து வேறிடத்தில் மீண்டும் எழுப்புவது. மூன்று, வரைபடம், நிழற்படம், மாதிரியுரு ஆகியவற்றால் விளக்குவது. கோலாலம்பூரில் 1998இல் தொடங்கப்பெற்ற மலேசிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்திற்குச் சென்றுவந்த நம்மவர் பலர், அங்குள்ள புகழ்பெற்ற பள்ளிவாசல்களின் மாதிரியுருக்களைக் கண்டிருப்பர். அது மூன்றாம் வகை.

முதல் வகைக்குப் பெரிய எடுத்துக்காட்டு ஜெர்மனியில் உள்ளது. இன்றைய ஜோர்தானில் அம்மான் நகருக்குத் தெற்கே, உமையாக்கள் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டத் தொடங்கி முற்றுப்பெறாமல் விடப்பட்டது முஷத்தா அரண்மனை. அதன் முகப்புச் சுவரின் பெரும்பகுதியை 1903இல் உதுமானியச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு அன்பளிப்பாக வழங்கினார். ஹிஜாஸ் இருப்புப்பாதை அப்பகுதி வழியாக அமைக்கப்பட்ட காலம் அது. அச்சுவர் பின்னர் பெர்லின் பெர்கமோன் அருங்காட்சியகத்தில் நிறுத்தப்பட்டது. 2023 அக்டோபரில் அவ்வருங்காட்சியகம் புதுப்பிப்புப் பணிக்காக முழுமையாக மூடப்பட்டது.

அச்சுவரில் ஒரு நுட்பம் உண்டு. வாயிலின் இடப்புறம் கொடிகளுக்கிடையே விலங்குகளும் பறவைகளும் செதுக்கப்பட்டுள்ளன. வலப்புறம் கொடிகளும் இலைகளும் மட்டுமே உள்ளன, உயிரினங்கள் இல்லை. காரணம் யாது? வலப்புறச் சுவருக்குப் பின்னால்தான் அரண்மனையின் பள்ளிவாசல் அமைந்திருந்தது. தொழுமிடத்தை ஒட்டிய சுவரில் உருவங்களைச் செதுக்காமல் சிற்பிகள் தவிர்த்தனர் என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம். சுவர் பெர்லின் சென்றது. பள்ளியின் இடம் ஜோர்தானில் தங்கிவிட்டது. விளக்கக் குறிப்பைப் படிக்காத பார்வையாளருக்கு அந்த வேறுபாடு சிற்பியின் விருப்பமாக மட்டுமே தோன்றும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு மிஹ்ராப் இருக்கிறது. ஈரானின் இஸ்ஃபஹான் நகரில் ஹிஜ்ரி 755இல் (கி.பி. 1354-55) எழுந்த இமாமி மதரஸாவினுடையது அது. நீலமும் வெள்ளையுமான ஓட்டுத் துண்டுகளை வெட்டிப் பொருத்தி உருவாக்கிய அம்மிஹ்ராபைச் சுற்றி அழகிய எழுத்தில் திருமறை வசனங்கள் ஓடுகின்றன. அவை தவ்பா அத்தியாயத்தின் 18 முதல் 22 வரையிலான வசனங்கள். அல்லாஹ்வின் பள்ளிகளைப் பரிபாலிக்கத் தகுதியுடையோர் யாவர் என்பதைக் கூறும் வசனத்தில் அத்தொடர் தொடங்குகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பள்ளிகளைப் பரிபாலிப்பது பற்றிய அவ்வசனம், தொழுவோர் அணிவகுக்காத ஒரு கூடத்தில் இன்று நிற்கிறது. அதனைப் பாதுகாத்து, தூய்மை செய்து, கோடிக்கணக்கானோர் காண வைத்தவர்களுக்கு நாம் நன்றி பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் மிஹ்ராப் என்பது ஒரு திசையைக் காட்ட எழுந்தது. பெயர்த்தெடுக்கும்போது அழகு உடன் செல்கிறது; திசை செல்வதில்லை.

இக்குறையை உணர்ந்தே அண்மைக்காலக் கண்காட்சிகள் வேறு வழி தேடுகின்றன. 2023இல் ஜித்தாவில் முதல் இஸ்லாமியக் கலை ஈராண்டு விழா ‘அவ்வலு பைத்’, அதாவது முதல் ஆலயம், என்னும் தலைப்பில் நடைபெற்றது. கிப்லா என்னும் கருத்தே அதன் மையமாக விளங்கியது. இரண்டாம் விழா 2025இல் நடந்தது. இரண்டுக்கும் இடமளித்தது ஜித்தா விமான நிலையத்தின் மேற்கு ஹஜ் முனையம். வெண்கூடாரங்கள் அணியணியாக நிற்கும் அம்முனையத்தை உருவாக்கிய குழுவின் பொறியாளர் டாக்காவில் பயின்ற ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1983இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது அது. நம் ஊர்களிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்றோரில் பலர் அக்கூடாரங்களின் நிழலில் காத்திருந்தவர்களே. தாம் அமர்ந்திருந்த நிழல் ஒரு காட்சிப்பொருள் என்று அன்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

செஞ்சி: பெயர்க்கப்படாத கண்காட்சி

இனி நம் பக்கம் வருவோம். திண்டிவனத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில், விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக் கோட்டை நிற்கிறது. திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலை கோட்டை மதிலை ஊடறுத்தே செல்கிறது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி எனும் மூன்று குன்றுகளை மதில்கள் இணைக்கின்றன. 1921இல் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ‘மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்’ என்னும் தலைப்பில் இடம்பெற்ற பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாயிற்று. ஏனைய பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை.

இப்பெருமை நம் வட்டாரத்திற்கு உரியதே. எனினும் தலைப்பு ஒன்றாக இருப்பினும் கட்டடங்கள் பல கதைகளைச் சொல்கின்றன. கோனார் குலத்தலைவர்கள் தொடங்கிவைத்த அரண் இது. விஜயநகரத்தின் நாயக்கர்கள் இதனைப் பெருங்கோட்டையாக்கினர். 1649இல் பிஜாப்பூர்ச் சுல்தானியர் கைப்பற்றினர். 1677இல் சிவாஜி வென்று மதில்களை வலுப்படுத்தினார். அவர் மகன் இராஜாராம் இங்கிருந்து மொகலாயரை எதிர்த்து நின்றார். நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் ஸுல்ஃபிகார் கான் கோட்டையைப் பிடித்தார். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் இதற்கு உரிமையாளராயினர். ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றைக் கட்டினர், அல்லது திருத்தினர். அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கல்யாண மகால், பெரிய தானியக் களஞ்சியங்கள், வேங்கடரமணர் கோயில், கிருஷ்ணகிரி உச்சியிலுள்ள குவிமாடக் கூடம் ஆகியவை ஒரே மதிலுக்குள் அருகருகே நிற்கின்றன.

அவற்றோடு நிற்பதுதான் 1717-18இல் எழுந்த ஸஆததுல்லாஹ் கான் பள்ளிவாசல். ஆர்க்காட்டு நவாப் ஸஆததுல்லாஹ் கான், செஞ்சியை ஆண்ட தேஜ்சிங்கை 1714 அக்டோபரில் போரில் வென்ற பின் எழுந்தது அது. அந்தத் தேஜ்சிங்கே நம் நாட்டார் பாடல்களின் தேசிங்கு ராஜன். அவனுடைய உயிர்த்தோழன் மஹபத் கான். திருமணக் கோலத்தில் இருந்தவன் நண்பனுக்காகப் போர்க்களம் வந்து உயிர் நீத்தான் என்பது கதை. அவனது அடக்கவிடம் செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டியில் உள்ளது என்பது ஊர் வழக்கு. வென்றவரும் முஸ்லிம், தோற்ற மன்னனுக்காக மாண்டவனும் முஸ்லிம். இதனை மதப்போர் என்று எழுத முற்படுவோருக்கு அந்தப் பள்ளியும் அந்த அடக்கவிடமும் சேர்ந்து மறுமொழி கூறுகின்றன. இரண்டும் அதனதன் இடத்தில் இருப்பதாலேயே இது இயலுகிறது. பள்ளியை மட்டும் பெயர்த்து வேறிடத்தில் வைத்திருந்தால் அது வெற்றிச் சின்னமாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

பெயர்த்தெடுத்ததற்கும் நம்மருகே சான்று உண்டு. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் உயர்ந்த கற்றூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தவை என்பர். மாலையில் அங்கு உலவுவோர் அவற்றின் வேலைப்பாட்டை வியக்கின்றனர். அவை எந்தக் கூரையைத் தாங்கின என்பதை அங்கு நின்று அறிய வழியில்லை. பெர்லினில் முஷத்தாவுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது.

ஆயினும் பெயர்த்தல் எப்போதும் பிழையன்று. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. தென்னிந்தியாவின் பல பகுதிகளில் இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, கழற்றி, கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் திட்டத்தின்படி அமைந்த வளாகத்தில் மீண்டும் எழுப்பியுள்ளனர். செட்டிநாட்டு வணிகர் வீடும் நெசவாளர் வீடும் அங்குள்ளன; கர்நாடகத்தின் சிக்மகளூரைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பம் ஒன்றின் வீடும் உள்ளது. அங்கு கொண்டுவரப்படாதிருந்தால் அவ்வீடுகளின் மரத்தூண்கள் விறகுக் கடைக்குச் சென்றிருக்கும். இருந்த இடத்தில் காக்க எவருமில்லாதபோது பெயர்த்தாவது காப்பது நன்று.

நம் கைகளால் அழிந்தவை

இவ்வளவும் எழுதிய நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. பல ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்து ஊர் ஒன்றின் பழைய பள்ளிவாசல் இடித்துக் கட்டப்பட்டது. சுண்ணாம்புச் சுவர்களும், மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய தளமும் கொண்ட சிறிய பள்ளி அது. ஜும்ஆ நாளில் பாதிப் பேர் வெயிலில் நின்று தொழுதனர். ஆகவே விரிவாக்கம் தேவையாகவே இருந்தது. ஜமாஅத்தினரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் உள்வாயிலின் மேல் ஒரு கல் பதிக்கப்பட்டிருந்தது. அதில் கட்டியவர் பெயரும் வக்ஃப் செய்த நிலத்தின் எல்லையும் ஹிஜ்ரி ஆண்டும் அரபுத்தமிழில் பொறிக்கப்பட்டிருந்தன. புதிய பள்ளியின் திறப்பு விழாவிற்குச் சென்றபோது அக்கல்லைத் தேடினோம். அடித்தளத்தில் மற்றக் கற்களோடு போட்டு நிரப்பிவிட்டதாகக் கொத்தனார் சொன்னார்.

அக்கல்லை மாணவப் பருவத்தில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். ஒருமுறையும் படி எடுக்கவில்லை. ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் என்று தொடங்கும் ஆண்டு மட்டுமே இப்போது நினைவில் நிற்கிறது. கட்டியவரின் பெயர் நினைவில் இல்லை. அரபு எழுத்தைப் படிக்கத் தெரிந்த நாமே எழுதி வைக்காதபோது, படிக்கத் தெரியாத கொத்தனாரை எப்படிக் குற்றம் கூறுவது?

காயல்பட்டினம், கீழக்கரைப் பழம்பள்ளிகளை முறையாக அளந்து, வரைபடத்துடன் 2003இல் விரிவான நூலாக வெளியிட்டவர் மெஹர்தாத் ஷுகூஹி என்னும் அயல்நாட்டு ஆய்வாளர். கருங்கல் தூண்களால் அமைந்த அப்பள்ளிகள் தமிழக முஸ்லிம்களின் கட்டடக்கலைத் தனித்தன்மைக்குச் சான்றுகள். அப்பணியை அவர் செய்தார் என்பதற்காக மகிழ்கிறோம். நாம் செய்யவில்லை என்பதற்காக நாணுகிறோம்.

பெரும்பொருட் செலவு இதற்குத் தேவையில்லை. பழைய பள்ளியை இடிக்க முடிவெடுக்கும் ஜமாஅத் முதற்கல்லைப் பெயர்க்குமுன் மூன்று காரியங்களைச் செய்யலாம். கட்டடத்தை அளந்து வரைபடமும் நிழற்படமும் எடுப்பது ஒன்று. கல்வெட்டுகளையும் மரத்தில் செதுக்கிய எழுத்துகளையும் ஆலிம் ஒருவரைக் கொண்டு படித்துப் படியெடுப்பது இரண்டு. கல்வெட்டையும் ஒரு தூணையேனும் புதிய பள்ளியில் பொருத்தமான இடத்தில் பதிப்பது மூன்று. நம் அரபுக் கல்லூரிகளின் மாணவர்கள் விடுமுறை நாள்களில் இப்பணியைச் செய்யலாம். பாரசீகம் பயிற்றுவிக்கும் வழக்கம் அருகிவரும் இந்நாளில், கல்வெட்டுகளைப் படிப்பதற்காகவேனும் அம்மொழியை மீட்டெடுக்க வேண்டும். இவ்வாறு சேர்ந்த படங்களையும் படிகளையும் மதரஸாக் கூடத்தில் ஒரு நாள் வைத்தால், அதுவே நம் ஊரின் கட்டடக்கலைக் கண்காட்சி. அண்டை வீட்டு இந்து, கிறித்தவ நண்பர்களையும் அதற்கு அழைக்கலாம். அப்பள்ளிகளைக் கட்டிய கொத்தனாரிலும் தச்சரிலும் அவர்தம் முன்னோரும் இருந்திருப்பர்.

ஸயீத் பின் அல்முஸய்யிப் (ரஹ்) விரும்பியது நிறைவேறவில்லை. அவ்வறைகள் சென்றுவிட்டன. ஆனால் அவற்றின் உயரத்தையும், செங்கல்லையும், மட்டையையும் கண்டவர்கள் சொல்லி வைத்தார்கள்; கேட்டவர்கள் எழுதி வைத்தார்கள். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் விழுப்புரம் மாவட்டத்தில் அமர்ந்து நாம் அவ்வறைகளைப் பற்றி எழுத முடிகிறதென்றால் அதற்குக் காரணம் அந்தப் பதிவே. நம் பள்ளிகளைப் பற்றி நமக்குப் பின்னால் வருவோர் எழுதுவதற்கு நாம் எதை விட்டுச் செல்லப்போகிறோம்?