தூங்கும் பதினைந்து நாள், உட்காரும் ஏழாம் மாதம்

கைக்குழந்தையை வீட்டில் வைத்துப் படம் எடுக்க இரண்டு காலங்கள் தோதானவை. ஒன்று, பிறந்த 5 ஆம் நாளிலிருந்து 14 ஆம் நாள் வரை. மற்றது, ஆறு மாதம் முடிந்து உட்காரப் பழகி, தவழத் தொடங்காமல் இருக்கும் சில வாரங்கள். நடுவில் வரும் மாதங்களிலும் எடுக்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் திரையை விலக்கி, நல்ல விரிப்புப் போட்டு, நாள் பார்த்து எடுக்கும் படத்துக்கு இந்த இரண்டைப் போல ஒத்துழைக்கும் காலம் வேறில்லை. முதலாவதில் குழந்தை தூங்குகிறது. இரண்டாவதில் உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறது. ஒன்றுக்குரிய வழியை மற்றதற்குப் போட்டுப் பார்ப்பதால்தான் பல வீடுகளில் படம் கெடுகிறது. பத்து நாள் குழந்தையைக் கன்னத்தைத் தட்டி எழுப்பிச் சிரிக்கச் சொல்கிறோம். ஏழு மாதக் குழந்தையைத் தூங்க வைத்துப் பூக்கூடைக்குள் சுருட்டப் பார்க்கிறோம்.

முதல் இரண்டு வாரத்தில் குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் தூங்கும். வயிற்றுக்குள் கிடந்த வாக்கிலேயே காலை மடக்கி, விரல்களை மூடி, கூனிக்கொண்டு கிடக்கும். மூன்று நான்கு வாரம் போனால் இந்தச் சுருளல் தளர்ந்துவிடும். கன்னத்திலும் நெற்றியிலும் சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள் தலைகாட்டும். ஆறாவது வாரத்தை ஒட்டி அழுகை உச்சத்துக்குப் போகும். தொழில்முறைப் படக்காரர்கள் பிரசவத்துக்கு முன்பே தேதி கேட்பது இதனால்தான். அதேபோல 5 ஆம் நாளுக்கு முன்னால் அவசரப்படவும் கூடாது. நிறைமாதக் குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும் மஞ்சள் நிறம் 3 முதல் 5 நாளுக்குள் கூடுதலாகத் தெரியும். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை இறங்கி முகம் கொஞ்சம் வாடியிருக்கும். அந்த எடை திரும்ப இரண்டு வாரம் வரை ஆகலாம். மஞ்சள் கூடிக்கொண்டே போய் உள்ளங்கால் வரை தெரிந்தால் கேமராவை வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், அது வேறு விஷயம்.

ஏழாம் மாதத்தின் கணக்கு வேறு. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. நம்மைப் பார்த்துச் சிரிப்பதே ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் தொடங்குகிறது. ஏழாம் மாதத்தில் அறையின் மறுகோடியில் நிற்கும் அப்பாவை அடையாளம் கண்டு துள்ளுகிறது. முதுகு நிமிர்ந்து நிற்கிறது, இரு கையும் விடுதலையாகிவிட்டன, சிலருக்குக் கீழ்ப்பல் இரண்டு எட்டிப் பார்க்கிறது. முக்கியமான சங்கதி, வைத்த இடத்தில் இருக்கிறது. தவழ ஆரம்பித்துவிட்டால் போனின் திரையில் நாம் காண்பது பெரும்பாலும் முதுகுதான். எட்டு ஒன்பது மாதத்தில் வேற்றுமுகம் பார்த்து அழும் பருவமும் வந்துவிடும். சித்தப்பா கேமரா கொண்டுவருகிறார் என்றால் அதற்குள் அழைத்துவிடுங்கள்.

எந்த வயதில் எடுப்பது என்பதைப் பெற்றோரின் ஆசையை விடக் கருவியின் வேகமே வெகுகாலம் முடிவு செய்திருக்கிறது. 1839 இல் டகேர் என்பவரின் புகைப்பட முறை வெளியானபோது ஒரு படத்துக்குப் பல நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. பிறகு அது நொடிகளாகக் குறைந்தபோதும் குழந்தைகள் அதற்கும் இணங்கவில்லை. விக்டோரியா காலத்துப் படக்கூடங்களில் தாயின் மேல் திரைச்சீலையைப் போர்த்தி, நாற்காலியைப் போல உட்கார வைத்து, மடியில் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் செய்தார்கள். நம்மூர் ஸ்டூடியோக்கள் கண்ட வழி குப்புறப் படம். தமிழ் வீடுகளின் கூடத்தில் இன்றும் தொங்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பாருங்கள்: இடுப்பில் அரைஞாண், கன்னத்தில் பொட்டு, மேசை விரிப்பின் மேல் குப்புறக் கிடந்து தலையை மட்டும் தூக்கிய பிள்ளை. நான்கைந்து மாதத்தில் தலை நிற்கும், ஆனால் பிள்ளை நகர்ந்து போகாது. ஃபிலிம் சுருளில் 36 படம்தான் என்றிருந்த நாளில் அதைவிடப் புத்திசாலித்தனமான வயது கிடையாது. பூச்சட்டிக்குள்ளும் இலைச்சுருளுக்குள்ளும் குழந்தைகளை வைத்து எடுத்த ஆன் கெடஸின் ‘டவுன் இன் த கார்டன்’ என்ற படப் புத்தகம் 1996 இல் வந்தது. இன்று நம் கைபேசிகளில் உலவும் கூடை, பூ, கம்பளிக் குல்லாய் வகைப் படங்கள் பெரும்பாலும் அந்தப் பாணியின் வாரிசுகள்.

அந்தப் பாணியை அப்படியே தமிழ் வீட்டுக்குள் கொண்டுவரும்போது ஒன்று மறந்துபோகிறது. முதல் பதினைந்து நாளில் அந்த வீட்டில் படுத்திருப்பது குழந்தை மட்டுமல்ல. தையல் ஆறாத, இரவில் இரண்டு மணிக்கொருமுறை பால் கொடுத்து எழுந்த பெண் ஒருத்தி பக்கத்திலேயே இருக்கிறாள். தலைப்பிரசவம் என்றால் அவள் தாய் வீட்டில் இருப்பாள். கணவன் ஞாயிறு தோறும் வந்து போவான். காற்றுப் படக்கூடாது என்று ஜன்னல் சாத்திய அறை, நாளைக்கு நாலு பேர் பார்க்க வருவது, 11 ஆம் நாள் புண்ணியாகவாசனம் செய்யும் வீடுகளில் அதன் ஏற்பாடு. இதற்கு நடுவே மூன்று மணி நேரப் படப்பிடிப்பு என்றால் யாருக்காக என்று கேட்கத் தோன்றுகிறது. சின்னக் குழந்தையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று சொன்ன பாட்டிகளைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். காரணம் தவறு, ஆனால் அந்தத் தடையின் பயனாகத் தாயும் சேயும் சில வாரம் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

தடுப்பூசி அட்டையும் ஏழாம் மாதத்தின் பக்கமே பேசுகிறது. கக்குவான் உள்ளிட்ட ஐந்து நோய்க்கான ஊசியின் முதல் தவணையே ஆறாவது வாரத்தில்தான். அதற்கு முன்னால் இருமலோடு ஒரு வெளியாள் குழந்தையின் முகத்தருகே குனிவதை நான் அனுமதிக்க மாட்டேன். 6, 10, 14 வாரத் தவணைகள் முடிந்தால், அரசு அட்டவணைப்படி அடுத்த ஊசி ஒன்பதாம் மாதம். நடுவில் ஊசிக் காய்ச்சல் இல்லாத நல்ல இடைவெளி கிடைக்கிறது. தனியார் மருத்துவமனையில் போடுபவர்களுக்கு ஆறாம் மாதத்திலும் ஊசி வரலாம். அதைத் தொட்ட இரண்டு நாளைத் தவிர்த்தால் போதும்.

இனி, நாளுக்குள் நேரம். இரு காலத்துக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் நன்றாகத் தெரிகிறது. பத்து நாள் குழந்தைக்கு நல்ல நேரம் குளிப்பாட்டிய பிறகு. வெந்நீர் ஊற்றி, துடைத்து, வயிறு நிறையப் பால் கொடுத்தால் வரும் தூக்கம் அலாதியானது. (சாம்பிராணிப் புகையை விட்டுவிடுங்கள், சிசுவின் மூச்சுக்கு அது ஆகாது.) ஆனால் கண் மூடியதும் கை வைக்கக் கூடாது. பெரியவர்களைப் போலன்றி, பிறந்த குழந்தை முதலில் மேலோட்டமான தூக்கத்தில்தான் விழும். இமை துடிக்கும், உதடு சுழியும், மூச்சு ஏறி இறங்கும். நரி விரட்டுகிறது என்று பெரியவர்கள் சொல்லும் சிரிப்பும் சிணுங்கலும் வருவது அப்போதுதான். அந்தச் சிரிப்பு வேண்டுமானால் குழந்தையைத் தொடாமல் முதல் இருபது நிமிடம் போனோடு காத்திருங்கள். விரிப்பை மாற்றவோ கையைக் கன்னத்துக்குக் கீழ் வைக்கவோ வேண்டுமானால் அது கடந்து போகட்டும். மெல்லக் கையைத் தூக்கி விட்டால் துவண்டு விழ வேண்டும். அதுதான் ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளம்.

ஏழு மாதக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய நாள் படத்துக்கு ஆகாத நாள். தலைக்கு ஊற்றிய அரை மணியில் கண் செருகிவிடும். அதன் நேரம் காலைத் தூக்கம் கலைந்து, பால் குடித்து, ஏப்பம் விட்டு அரை மணி கழித்து. குடித்த உடனே உட்கார வைத்தால் புதுச்சட்டையில் கக்கிவிடும். அங்கிருந்து ஒரு மணி நேரம் உங்களுடையது. கண்ணைக் கசக்கினால் முடிந்தது. பெற்றோர் செய்யும் பெரிய தப்பு, விருந்தாளிகள் வந்திருக்கும் பிறந்தநாள், சோறூட்டும் நாள், மொட்டை போடும் நாள் ஆகியவற்றிலேயே நல்ல படத்தையும் எடுத்துவிட நினைப்பது. அன்று எடுப்பது நிகழ்ச்சியின் படம். குழந்தையின் படத்துக்கு வேறு நாள் வேண்டும்.

வெளிச்சத்திலும் இரண்டுக்கும் எதிரெதிர் நிலைமை. தூங்கும் குழந்தை நாளெல்லாம் தூங்குவதால் வெளிச்சத்துக்கு ஏற்ற மணியை நாமே தேர்ந்துகொள்ளலாம். அறை சற்று மங்கலாக இருந்தாலும் அசைவில்லாததால் படம் கலங்காது. உட்காரும் குழந்தை விழிக்கும் நேரம் எதுவோ அந்த வெளிச்சத்தைத்தான் நாம் ஏற்க வேண்டும். கை ஓயாமல் ஆடுவதால் வெளிச்சம் கூடுதலாகவும் வேண்டும். மங்கலான அறையில் போன் தானாக நீண்ட நேரம் ஒளியை வாங்கும், விரல்கள் கரைந்துபோகும்.

வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. லண்டனில் நண்பகல் வெயில் ஒருநாளும் வடக்கு ஜன்னலுக்கு வராது. 13 பாகை வட அட்சத்தில் இருக்கும் சென்னையில், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. காலையும் மாலையும் வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்தே விழும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்ட வேண்டியிருக்கும், அல்லது தெற்கு ஜன்னலைத் திறந்துகொள்ளலாம். எந்த ஜன்னலானாலும் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் கன்னம் பச்சை தட்டும். கொசுவலையும் பச்சைத் திரையும் செய்யும் கெடுதியும் இதுவே.

உள்ளங்கையில் முகத்தை ஏந்தித் தவளை போல் உட்கார்ந்து தூங்கும் படத்தை மட்டும் வீட்டில் முயலாதீர்கள். ஒருவர் ஒரு முறை தலையையும் இன்னொரு முறை கையையும் பிடித்திருக்க, இரண்டு படம் எடுத்து ஒட்டியது அது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் ஏழாம் மாதத்தைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணுங்கள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு இருக்கட்டும். அதை அழித்துவிட்டு வரச் சொல்லும் படக்காரரின் ரசனையில் எனக்கு நம்பிக்கையில்லை.

திட்டமிட்டு எடுக்கும் ஒரே படம் என்றால் என் ஓட்டு ஏழாம் மாதத்துக்கு. குழந்தையும் அப்போது அதில் பங்கெடுக்கிறது, தாயும் தலைவாரி உட்கார்ந்து சட்டத்துக்குள் வர முடிகிறது, ஒரு நாள் கெட்டால் மறுவாரம் இருக்கிறது. முதல் பதினைந்து நாளுக்கு வெளியாள் வேண்டாம், கூடையும் குல்லாயும் வேண்டாம். குளித்துத் தூங்கும்போது, வீட்டில் ஒருவர், ஜன்னலோரம், பத்து நிமிடம். எடுத்ததில் நல்லது இரண்டை அந்த மாதமே கடையில் கொடுத்துத் தாளில் போட்டு வாங்கிவிடுங்கள். போன் மாறும்போது படமும் தொலைந்துபோன வீடுகள் நிறைய.