பொல்லார்டுக்குப் பிறகு 64 வருடம்

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். எதிரணியினர் மேலே விழுந்து அமுக்குவார்கள். அமெரிக்காவில் இருக்கும் பேரன் தொலைக்காட்சியில் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு விதிகளை ஒருமாதிரி பிடித்துக்கொண்டேன். ஆட்டத்தைவிட அதன் சரித்திரம் எனக்குச் சுவையாகப் பட்டது. அதில் ஓர் ஏட்டை மட்டும் இன்று எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தில் பயிற்சியாளர்தான் மூளை. இன்று அவர் மைதானத்தின் ஓரத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு நகர்வுக்கும் ஆணை தருகிறார். ஆரம்ப காலத்தில் அப்படியில்லை. ஓரத்தில் நின்று ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விதி இடம் தரவில்லை. தேசிய லீக் அதை அனுமதித்ததே 1944இல்தான். அதனால் பல அணிகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரே பயிற்சியாளராகவும் இருந்தார். சிகாகோ பேர்ஸ் அணியின் ஜார்ஜ் ஹாலஸ் அப்படிப்பட்டவர். ஃபிரிட்ஸ் பொல்லார்டும் அப்படிப்பட்டவர்.

பொல்லார்ட் 1894இல் சிகாகோவில் பிறந்த கறுப்பினத்தவர். உயரம் 5 அடி 9 அங்குலம், எடை சுமார் 75 கிலோ. மலை போன்ற ஆட்கள் மோதும் ஆட்டத்தில் இது சின்ன உடம்பு. ஆனால் ஓட்டத்தில் அவரைப் பிடிப்பது கஷ்டம். பிரௌன் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 1916 புத்தாண்டு அன்று பாசடேனாவில் நடந்த ரோஸ் பௌல் போட்டியில் இறங்கினார். அப்போட்டியில் ஆடிய முதல் கறுப்பர் அவரே.

1919இல் ஒஹையோ மாநிலத்து ஏக்ரன் நகர அணியில் சேர்ந்தார். பார்க்க வந்தவர்கள் வாயில் வந்தபடி ஏசினார்கள். கீழே விழுந்தால் எதிரணியினர் வேண்டுமென்றே மேலே பாய்ந்து மிதிப்பார்கள். அதற்கு அவர் ஒரு வழி கண்டார். விழுந்தவுடன் மல்லாந்து, சைக்கிள் மிதிப்பதுபோல் இரண்டு காலையும் மேலே சுழற்றுவார். ஆணி வைத்த காலணிக்குப் பயந்து யாரும் கிட்டே வரமாட்டார்கள். 1920இல் தொழில்முறை லீக் தொடங்கியது. முதல் வருடமே ஏக்ரன் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்றது. மறுவருடம், 1921இல், பொல்லார்ட் ஆடிக்கொண்டே அந்த அணியின் இணைப் பயிற்சியாளர் ஆனார். லீக் வரலாற்றில் முதல் கறுப்பினப் பயிற்சியாளர். வெள்ளைக்காரர்கள் அவர் சொல்படி ஆடினார்கள். வானம் இடிந்து விழவில்லை.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் ஒரு சொல்லைக் கண்டால் வேரைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. கோச் என்ற ஆங்கிலச் சொல் குதிரை வண்டியைக் குறித்தது. ஹங்கேரியில் கோச் என்ற கிராமத்தில் செய்த வண்டி அது. மாணவனைப் பரீட்சை என்ற கரைக்கு ஏற்றிச் செல்பவர் என்ற பொருளில் ஆசிரியருக்கு வந்து, பிறகு விளையாட்டுக்குப் போனது. பிரெஞ்சில் பயிற்சியாளருக்கு ஆந்த்ரெனேர் என்று பெயர். தன்னோடு இழுத்துச் செல்பவர் என்று அர்த்தம். இரண்டு மொழியிலும் ஒன்றுதான்: அவர் முன்னே போகிறார், மற்றவர்கள் பின்னே வருகிறார்கள். அமெரிக்காவில் தகராறே அங்கேதான் வந்தது. கறுப்பர் ஓடலாம், முட்டலாம், அடிபடலாம். வெள்ளையரை இழுத்துக்கொண்டு முன்னே போகலாமா?

1920 முதல் 1933 வரை லீக்கில் ஆடிய கறுப்பர்கள் மொத்தம் 13 பேர். 1934 தொடங்கி 12 பருவங்களில் ஒருவர்கூட இல்லை. சேர்க்கக்கூடாது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதாத உத்தரவுக்குத்தான் பலம் அதிகம். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. 1946இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. பொதுமக்கள் பணத்தில் கட்டிய மைதானத்தில் நிறம் பார்த்து ஆளெடுக்கலாமா என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். அந்த நெருக்கடியில் கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும் சேர்க்கப்பட்டார்கள்.

ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்தது. தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குத் திறக்கவில்லை. 1980களில் ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். தலைமைப் பயிற்சியாளர்களில் ஒருவரும் கிடையாது. அரசு அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்கு இது புரியாத விஷயமல்ல. கோப்பின் நெளிவு சுளிவெல்லாம் தெரிந்த தலைமை எழுத்தர், நேற்று வந்த அதிகாரிக்கு வேலை கற்றுக்கொடுப்பார். கையெழுத்து மட்டும் அவர் போட முடியாது.

ஆர்ட் ஷெல் 1946இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். 1968இல் ரெய்டர்ஸ் அணியில் சேர்ந்து, பந்தை எறிபவருக்கு அரணாக நிற்கும் இடத்தில் 15 பருவங்கள், 207 ஆட்டங்கள் ஆடினார். இரண்டு சூப்பர் பௌல் வெற்றிகள் கண்டார். 1982 பருவத்தோடு ஆட்டத்தை விட்டு, 1983இல் அதே அணியில் உதவிப் பயிற்சியாளர் ஆனார். தான் நின்ற அரண் வரிசைக்கே பாடம் நடத்தினார். 1989 அக்டோபர் 3 அன்று உரிமையாளர் ஆல் டேவிஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தார். பொல்லார்ட் கடைசியாக அந்த லீக்கில் பயிற்சியாளராக இருந்தது 1925இல். இடையில் 64 வருடம்.

ஷெல்லின் அணி 1994 வரை வழக்கமான ஆட்டங்களில் 54 வென்றது, 38 தோற்றது. வெற்றிக் கணக்கு கையில் இருந்தும் அந்தப் பருவத்தோடு பதவி போனது. 2003இல்தான் லீக் ஒரு விதி போட்டது: தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானால் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணலுக்கு அழைக்கவேண்டும். வேலை கொடு என்று சொல்லவில்லை, கூப்பிட்டுப் பேசு என்று மட்டும். 2007 பிப்ரவரியில் சூப்பர் பௌலில் எதிரெதிரே நின்ற இரண்டு பயிற்சியாளர்களும் கறுப்பர்கள். வென்றவர் டோனி டங்கி. அவரும் பழைய ஆட்டக்காரர்தான். கல்லூரியில் ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்காக இருந்தவரைத் தொழில்முறை அணி தற்காப்பு வரிசைக்கு மாற்றிவிட்டது.

பொல்லார்ட் 92 வயது வாழ்ந்து 1986இல் இறந்தார். ஷெல் நியமனத்தை அவர் பார்க்கவில்லை. மூன்று வருடம் தவறிப்போனது. லீக்கின் புகழரங்கில் அவர் பெயர் சேர்ந்ததும் 2005இல்தான். தகுதி 1921லேயே நிரூபணமாகிவிட்டது, நண்பர்களே. பிறகு நடந்ததெல்லாம் ஒரு கோப்பு மேசையில் கிடந்த கதை.