திங்கட்கிழமைக் காய்ச்சல்: வெல்டிங் புகையின் கதை

இந்த எபிசோடுல ஒரு விநோதமான காய்ச்சலோட வரலாறு பார்க்கப் போறோம்.

19-ஆம் நூற்றாண்டு, இங்கிலாந்தின் பர்மிங்காம். ஊர் முழுக்க பித்தளை வார்ப்புப் பட்டறைகள். பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸ்லயே கொதிச்சு ஆவியாகிடும். அதனால உருக்கி ஊத்தும்போது வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவர்களுக்கு ராத்திரி நெஞ்சு இறுக்கம், குளிர், காய்ச்சல், வியர்வை. மறுநாள் சரியாகிடும். 1862-இல் எட்வர்ட் கிரீன்ஹவ் என்ற மருத்துவர் இதைப் பற்றி விரிவாக எழுதினார்.

விநோதம் என்னன்னா, லீவு முடிஞ்சு வர்ற அன்னைக்குத்தான் காய்ச்சல் அதிகம். 1927-இல் அமெரிக்காவில் பிலிப் டிரிங்கர் குழு அடுத்தடுத்த இரண்டு நாள் துத்தநாகப் புகையைச் சுவாசிக்க வைத்துப் பார்த்தது. இரண்டாம் நாள் பாதிப்பு குறைவு. உடம்பு பழகிடுது, வேலையை விட்டுக் கொஞ்சம் விலகி இருந்தா அந்தப் பழக்கம் போயிடுது. திங்கட்கிழமைக் காய்ச்சல்னு பேர் வந்தது இப்படித்தான்.

என்னைப் பயமுறுத்துறது அந்த 'பழகிடுச்சு'தான். எரர் வரலைங்கிறதால கோடுல பிழை இல்லைன்னு சொல்ல முடியாது, இல்லையா? இன்னைக்கு ஜி.ஐ. பைப்பை வெல்ட் பண்ணினா வர்றதும் அதே துத்தநாகப் புகை. காட்மியம் பூச்சு இருந்தா இன்னும் மோசம்: தொடக்கம் இதே மாதிரிதான், ஆனா ஓரிரு நாளில் நுரையீரல் கெட்டு உயிரே போகலாம். 2017-இல் ஐ.ஏ.ஆர்.சி. என்கிற சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு வகைப்படுத்தியது. புற்றுநோய் காய்ச்சல் காட்டி முன்கூட்டியே எச்சரிக்காது.

அப்போ என்ன செய்யலாம்? சாதாரண வெல்டிங் ஷீல்டு கண்ணையும் முகத்தையும்தான் காக்கும். கர்ச்சீப் இந்த நுண்துகளைத் தடுக்காது. பால் குடிச்சா நுரையீரல் சுத்தமாகாது. பூச்சைச் சுரண்டிட்டு வெல்ட் பண்ணுங்க. சுரண்டும்போதும் மாஸ்க் போடுங்க. புகை மேலே எழும்புற பாதையில தலையை நீட்டாதீங்க. புகை உறிஞ்சும் குழாயை ஆர்க் பக்கத்துலயே வையுங்க. அதுவும் போதலைன்னா, உலோகப் புகைக்கான சுவாசக் கவசம் வேணும். டேங்க் மாதிரி மூடிய இடத்தில் ஆர்கான் வாயு ஆக்சிஜனை வெளியே தள்ளிடும். அங்கே வடிகட்டும் மாஸ்க் உதவாது, வெளிக்காற்று தரும் கவசம்தான் வேணும்.

கடைசியா ஒண்ணு. வேலை முடிஞ்ச ராத்திரி காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனா, அன்னைக்கு எந்த உலோகத்தை, என்ன பூச்சோட வெல்ட் பண்ணீங்கன்னு முதல்ல அதைச் சொல்லுங்க.