இரயில் வண்டி சொல்லித் தரும் இயக்கப் பாடம்



நமது தாசேக் கெலுகோர் நிலையத்தில் இரயில் ஏறினால் சின்னப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "சார், மரமெல்லாம் ஏன் பின்னாடி ஓடுது?" என்பதுதான். கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் இயக்கம் பற்றிய அறிவியலே இப்படிப்பட்ட கேள்விகளில்தான் வளர்ந்தது.

கி.பி. 499-இல் நம் பாரதத்து ஆரியபட்டர் இதையே எண்ணிப் பார்த்தார். படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் போவதாகத் தெரிகிறது. அதுபோலவே பூமி சுழல்வதால் விண்மீன்கள் மேற்கே நகர்வதாகத் தெரிகின்றன என்றார். பார்ப்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தே இயக்கம் தெரியும் என்பது இதன் பொருள்.

கனமான பொருள் வேகமாக விழும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சொன்னதை உலகம் வெகுகாலம் நம்பியது. இத்தாலியின் கலிலியோ (1564–1642) அதைச் சோதித்துப் பார்த்தார். சரிவான பலகையில் குண்டை உருட்டி, ஒழுகும் நீரை நிறுத்து நேரத்தை அளந்தார். அடுத்தடுத்த சம நேரங்களில் குண்டு கடந்த தூரம் 1, 3, 5, 7 என்று கூடியது. மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கும் பையனுக்கு இது தெரியும். மிதிக்காமலே வேகம் ஏறிக்கொண்டே போகும். இப்படி வேகம் மாறுவதற்கு முடுக்கம் என்று பெயர்.

மலாயாவின் முதல் இரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடியது. நம் ஊர் வழியே செல்லும் பாதை 1918-இல் பாடாங் பெசாரில் சயாம் பாதையோடு இணைந்தது. கம்பிச்சடக்கு போட்டவர்களில் நம் தமிழர்களின் வேர்வையும் உண்டு.

இங்கிருந்து பட்டர்வொர்த் போகும் இரயில் தெற்கே புக்கிட் மெர்தாஜம் போய், பிறகு மேற்கே திரும்புகிறது. வண்டி ஓடிய மொத்த வழி தூரம். புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்கோடு போட்டால் அது இடப்பெயர்ச்சி. ஒரு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வேகம். எந்தத் திசையில் என்பதையும் சேர்த்துச் சொன்னால் திசைவேகம்.

1687-இல் நியூட்டன் வெளியிட்ட நூலின் முதல் விதி, ஓடுகிற பொருள் வெளிவிசை தடுக்காதவரை ஓடிக்கொண்டே இருக்கும் என்கிறது. இந்த விதி பரீட்சைக்கு மட்டுமல்ல, உயிருக்கும் வேண்டியது!

2015 முதல் நம் பாதையில் மின்சார இரயில் ஓடுகிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகும். அதாவது ஒரு நொடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர். பிரேக் போட்டதும் ஒவ்வொரு நொடிக்கும் 1 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிற்க 39 நொடிகள் ஆகும். அதற்குள் முக்கால் கிலோமீட்டர் ஓடிவிடும்! ஓட்டுநர் நம்மைக் கண்டாலும் அவரால் என்ன செய்ய முடியும்?

"இரயில் தூரத்துலதானே வருது" என்று வேலியில் சந்து பார்த்துத் தாண்டும் பிள்ளைகளே, இந்தக் கணக்கை மறக்காதீர்கள். பெற்றோர்களே, வேலைக்கு நேரமாகிவிட்டாலும் நாமும் குறுக்கு வழியில் போக வேண்டாம். நம்மைப் பார்த்துத்தானே பிள்ளைகள் நடக்கிறார்கள்?

படித்ததை வாழ்வில் கடைப்பிடிப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!