மண்கோட்டையின் வயது



நம் பள்ளிப்பட்டுக்காரர்களுக்குக் கோட்டை என்றால் சந்திரகிரியும் வேலூரும்தான். இரண்டும் விஜயநகர அரசர்களோடு தொடர்புடைய கற்கோட்டைகள். யார் ஆண்டார்கள் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. கட்டியவர் பெயரே தெரியாத மண்கோட்டைக்கும் செங்கல் சுவருக்கும் வயது எப்படித் தெரியும்?

ஈரானில் காஸ்பியன் கடல் பக்கம் கோர்கான் சுவர் என்று ஒன்று உண்டு. நீளம் சுமார் 195 கிலோமீட்டர். வழிநெடுக 30க்கும் மேற்பட்ட காவல் கோட்டைகள். அந்த ஊர்க்காரர்கள் அதை அலெக்சாந்தர் கட்டிய தடுப்பு என்றே சொல்லி வந்தார்கள். 2005 முதல் ஈரானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து தோண்டினார்கள். சுவரை ஒட்டி வரிசையாகச் செங்கல் சூளைகள் இருந்தன. அவற்றில் கிடைத்த கரி முதலியவற்றைச் சோதித்ததில் கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு என்று தெரிந்தது. அலெக்சாந்தர் இறந்தது கி.மு. 323இல். நடுவில் 700 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி! கட்டியவர்கள் பாரசீகத்தை ஆண்ட சாசானிய அரசர்கள். வடக்கிலிருந்து குதிரையில் வந்த ஹூணர் போன்ற கூட்டங்களைத் தடுக்கவே இந்தச் சுவர்.

நம் தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. புதுக்கோட்டைக்கு அருகே பொற்பனைக்கோட்டை. சுற்றிலும் மண்மேடு, அதன்மேல் செங்கல் சுவர், வெளியே அகழி. பெயரைக் கேட்டாலே பொன் பனைமரக் கதைதான் நினைவுக்கு வரும். 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023இல் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கே அகழாய்வு தொடங்கின. தங்க மூக்குத்தி, எலும்பு முனைக் கருவி, சூதுபவள மணி எல்லாம் கிடைத்தன. இது சங்க காலக் கோட்டை என்கிறார்கள் ஆய்வாளர்கள். சங்கப் பாடல்களில் மதிலும் அகழியும் வரும்போது கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள், பிள்ளைகளே.

ஒன்றைக் கவனியுங்கள். வயதைச் சொன்னது கதையல்ல. கரியும் செங்கல்லும் மண் அடுக்கும்தான். கற்கோட்டையை யாரும் எளிதில் அள்ளிப் போக முடியாது. மண்மேட்டைப் பொக்லைன் வைத்துச் சில நாளில் டிப்பரில் ஏற்றிவிடலாம். பிறகு சாட்சி போய்விடும், கதை மட்டும் மிஞ்சும்.

கற்கருவிகளுக்குப் பேர்போன அத்திரம்பாக்கமும் நம் கொசஸ்தலை ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அதனால் கடைக்கால் தோண்டும்போதோ ஏரி தூர்வாரும்போதோ அகலமான பழைய செங்கல்லோ கருப்பு சிவப்புப் பானை ஓடோ கண்ணில் பட்டால், வேலையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போனால் அது வெறும் ஓடு. கிடந்த இடத்தில் இருந்தால்தான் வரலாறு.

உங்கள் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். நலமோடு இருங்கள்.