குகையில் கிடைத்த பீன்ஸ்

காட்டு பீன்ஸ் கொடியின் நெற்று காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். விதைகள் நாலாபுறமும் சிதறும். கொடிக்கு அது நல்லது. பொறுக்க வருபவனுக்குத்தான் தொல்லை! வெடிக்காது நின்ற நெற்றுகளின் விதைகளே மனிதன் கைக்கு மிகுதியாகச் சேர்ந்தன. அவையே மீண்டும் விதைக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்து, தானாக விதை பரப்ப இயலாத பயிர் உருவாயிற்று. நாம் பொரியல் செய்யும் பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்தில் இருமுறை, மெக்சிகோப் பகுதியில் ஒரு முறையும் ஆண்டிஸ் மலைப்பகுதியில் ஒரு முறையும், தனித்தனியே பயிராக்கப்பட்டது.

எப்பொழுது? இங்கேதான் சிக்கல். பெரு நாட்டின் கிட்டாரெரோ குகையில் பயிரின பீன்ஸ் விதைகள் கிடைத்தன. அதே மண்ணடுக்கிலிருந்த கரித்துண்டுகளின் வயதைக் கொண்டு, விதைகளும் 7,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று 1973இல் அறிவித்தனர். பாடநூல்களும் அதை ஏற்றன. அக்காலத்தில் கதிரியக்கக் கார்பன் முறைக்குப் பொருள் நிறைய வேண்டும். விதையையே எரித்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

பின்னர் துகளளவு பொருளே போதும் என்னும் நிலை வந்தது. விதைகளையே நேரடியாகச் சோதித்தனர். 1999இல் வெளியான முடிவு, வயது ஏறத்தாழ 4,300 ஆண்டுகளே என்றது. மெக்சிகோவின் தெவாக்கான் பள்ளத்தாக்கு விதைகளோ 2,300 ஆண்டளவுக்கு இறங்கிவிட்டன. கரி பழையதுதான், பிற்கால விதைகள் கீழடுக்கில் புகுந்திருந்தன. அதற்கு ஓர் எலிவளை போதுமே!