தீர்ப்பு எழுதிய ஸ்காட்லாந்துக்காரர்

ஏற்காட்டில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் காக்பர்ன் ஸ்காட்லாந்துக்காரர் என்பதை நம் இளைஞர்கள் அறிவர். நம் வாக்குரிமை வரலாற்றில் இடம்பெற்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரரை அறிந்தோர் சிலரே. அவர் ஜேம்ஸ் ராம்சே மக்டொனால்டு.

1866 அக்டோபர் 12ஆம் நாள், லாசிமவுத் என்னும் கடற்கரை ஊரில், வேலைக்காரப் பெண் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். தாய்க்கும் தந்தைக்கும் மணம் நடைபெற்றிருக்கவில்லை. ஊர்ப் பள்ளியில் பயின்று, அங்கேயே மாணவ ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் இலண்டன் சென்று தொழிற்கட்சியை வளர்த்தோருள் ஒருவரானார். 1906இல் லெஸ்டர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் புகுந்தார். 1909இல் இந்தியாவுக்கு வந்து திரும்பி, நம் நாட்டைப் பற்றி நூலும் எழுதினார். முதல் உலகப் போரை அவர் எதிர்த்தபோது, 1915இல் ஒரு பத்திரிகை அவருடைய பிறப்புச் சான்றையே அச்சிட்டு இழிவு செய்தது. பிறப்பைச் சொல்லி ஒருவரை வீழ்த்த முயல்வது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று போலும்! 1918 தேர்தலில் தோற்றார். 1922இல் மீண்டும் வென்றார். 1924இல் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமரானார்.

1930இல் அவர் தலைமையில் நடைபெற்ற வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் நமக்காக வாதாடினர். பிரதிநிதிகளிடையே உடன்பாடு ஏற்படாமையால், 1932 ஆகஸ்டு 16ஆம் நாள் மக்டொனால்டு தம் வகுப்புவாரித் தீர்ப்பை வெளியிட்டார். தாழ்த்தப்பட்டோருக்கு மாகாண சபைகளில் 71 இடங்கள். அவற்றுக்கு நம் மக்கள் மட்டுமே வாக்களிப்பர். பொதுத் தொகுதியிலும் நமக்கு ஒரு வாக்கு உண்டு. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. ஆனால், நம் உறுப்பினரை இறுதியில் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாருக்கும் பொதுவாயிற்று. இலாபமா, நட்டமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எண்ணிக்கை கூடிற்று, பிடி தளர்ந்தது என்பதே நம் கருத்து.

மக்டொனால்டு 1931இலேயே சொந்தக் கட்சியினின்று நீக்கப்பட்டிருந்தார். 1935இல் பிரதமர் பதவி துறந்து, அவ்வாண்டுத் தேர்தலிலும் தோற்றார். 1937 நவம்பர் 9ஆம் நாள் கடற்பயணத்தில் காலமானார்.

அவ்வாண்டு பிப்ரவரியில்தான் சென்னை மாகாணத் தேர்தல் நடைபெற்றது. தீர்ப்பும் ஒப்பந்தமும் இடங்களைப் பங்கிட்டனவேயன்றி, எல்லாருக்கும் வாக்களிக்கவில்லை. சொத்து, வரி, எழுத்தறிவு போன்ற தகுதிகள் கேட்கப்பட்டன. சேர்வராயன் மலைத் தோட்டங்களில் களை கொத்திய கூலிக்கு இவற்றுள் எது இருந்தது? வயது வந்தோர் அனைவருக்குமான முதல் பொதுத்தேர்தல் 1952இல்தான் இம்மலைக்கு வந்தது.